எத்தனை பிள்ளை பாக்கி?

நிர்மலாதேவியைக் கெட்டிக்காரி என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. கெட்டிக்காரிதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. அரிவாள்மணைகூடத்தான் கூர்மையாக இருக்கிறது. அதற்காக அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்க முடியுமா?

எங்கள் கம்பெனி இந்தக் கடலோர ஊரின் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில், அட்டைப்பெட்டி செய்கிற ஒரு யூனிட்டின் மாடியில் இருக்கிறது. கீழே மெஷின் ஓடினால் மேலே எங்கள் டீ கிளாஸ் நடுங்கும். முதலாளி மஜீத் சார் துணிக்கடைக் குடும்பம். கடைக்கு வந்தவர் எதைக் கேட்டாலும் 'இருக்கு, உக்காருங்க' என்று சொல்லிவிட்டு அப்புறம் தேடுகிற பழக்கம் அவருக்கு. சாஃப்ட்வேரையும் அப்படியேதான் விற்றார். வாடிக்கையாளர் கேட்டதெல்லாம் கலர் கலர் சீட்டாக எங்கள் சுவரில் ஏறும், இறங்கவே இறங்காது. எதை முதலில் செய்வது என்று கேட்டால் எல்லாமே முதலில்தான் என்பார். நாங்களும் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் கொறித்துவிட்டு எதையும் முடிக்காமல் விட்டுக்கொண்டிருந்தோம்.

அந்தச் சுவரை ஒழுங்குபண்ணத்தான் நிர்மலாதேவி வந்தாள். சென்னையில் பெரிய இடத்தில் வேலை பார்த்தவள். நாற்பதை நெருங்கும் வயசு, சிரிப்பதற்குக் காசு கேட்பது போல ஒரு முகம். வந்த வாரமே மாசி மக வேலை எங்களுக்கு வந்து சேர்ந்தது.

மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் கடற்கரையில் தீர்த்தவாரி. எங்கெங்கிருந்தோ சாமிகள் வந்து இறங்கும். மயிலத்திலிருந்து முருகனே வருவார். சாமிக்குப் பின்னால் சனம். வருஷா வருஷம் அந்தக் கூட்டத்தில் பிள்ளைகள் தொலையும். மைக்கில் 'சிவப்புச் சட்டை போட்ட பையன்' என்று கத்திக்கொண்டே இருப்பார்கள், அங்கே பாதிப் பையன்கள் சிவப்புச் சட்டைதான் போட்டிருப்பார்கள். இந்த வருஷம் ஒரு விழாக் குழு இதற்கு ஒரு ஆப் வேண்டும் என்று மஜீத் சாரிடம் வந்தது. குழுவின் செயலாளர் சக்கரபாணி. வெள்ளை வேட்டி, கையில் இரண்டு போன்.

அவர் கேட்ட ஆப்பில் பிள்ளைகள் கடைசியில்தான் வந்தார்கள். திறந்ததும் குழுத் தலைவர் கை கூப்பி நிற்க வேண்டும், பின்னால் நாதஸ்வரம் ஒலிக்க வேண்டும். சாமி வருவதை நேரலையில் காட்ட வேண்டும். அன்னதானம் எங்கே, வண்டி எங்கே நிறுத்துவது, நன்கொடை கொடுத்தவர்கள் யார் யார், எல்லாம் வேண்டும். மஜீத் சார் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். நிர்மலாதேவி எழுந்து போய், சுவரில் இருந்த பழைய சீட்டுகளையெல்லாம் உரித்துப் போட்டாள். வெறும் சுவரில் மார்க்கரால் ஒரு வரி எழுதினாள்: காணாமல் போன பிள்ளை அம்மாவிடம் சீக்கிரம் போய்ச் சேர வேண்டும்.

பிறகு சக்கரபாணியிடம் திரும்பி, தலைவர் படம் வந்தால் பிள்ளை சீக்கிரம் போய்ச் சேருமா என்று கேட்டாள். அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. கூட்டத்தில் நெட் இழுக்காது, படம் திறந்து முடிப்பதற்குள் பிள்ளை அடுத்த ஊர் கோட்டக்குப்பத்துக்கே போய்விடும் என்றாள். சக்கரபாணி மஜீத் சாரைப் பார்த்தார். மஜீத் சார் மின்விசிறியைப் பார்த்தார். அன்றைக்கு எனக்கு அவளைப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த வேட்டிக்காரர் முகம் சுண்டிப்போனதை வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் நினைத்து நினைத்து ரசித்தேன்.

அடுத்தவன் வயிற்றில் விழுகிற வரைக்கும் குத்து வேடிக்கையாகத்தான் இருக்கும். இரண்டு வாரம் ஒரு சுற்று, அதற்குப் பெயர் ஸ்பிரிண்ட். தினமும் காலையில் சுவருக்கு முன்னால் நின்றுகொண்டே பேச வேண்டும், உட்காரக் கூடாது. ஒவ்வொரு வேலைச் சீட்டையும் அவள் விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு ஒரே கேள்வி கேட்பாள். இதைச் செஞ்சா பிள்ளை சீக்கிரம் போய்ச் சேருமா? சேரும் என்றால் அது எப்படி என்று சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் சீட்டு பெட்டிக்குள் போகும். கீழ் யூனிட்டிலிருந்து வாங்கி வைத்த அட்டைப்பெட்டி அது, மேலே 'பிறகு' என்று எழுதியிருந்தாள்.

நூரீன் எங்கள் டிசைனர், படிப்பு முடித்த கையோடு வந்த பெண். ஒரு வாரம் உட்கார்ந்து கடல், கோபுரம், பலூன் எல்லாம் வைத்து முதல் பக்கம் வரைந்திருந்தாள். எனக்கே கண் நிறைந்தது. நிர்மலாதேவி அவளை மொட்டை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய், மொட்டை வெயிலில் நிற்க வைத்து, கையைத் தண்ணீரில் நனைத்துவிட்டு, இப்போது அந்தப் பட்டனை அழுத்து என்றாள். வெயிலில் பட்டன் தெரியவில்லை, தெரிந்தபோது ஈரக் கைக்கு அது பிடிபடவில்லை. கடற்கரையில் நிற்கிற அம்மாவின் கையும் இப்படித்தான் இருக்கும், அழுதுகொண்டு வேறு இருப்பாள் என்றாள். கோபுரம், பலூன் எல்லாம் பெட்டிக்குள் போயின. நூரீன் பாத்ரூமில் போய் அழுதுவிட்டு வந்தாள். நிர்மலாதேவி அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்காமலே, பட்டன் இன்னும் பெரிதாக வேண்டும் என்றாள்.

ஆப் நன்றாக வந்தது. அதுதான் வயிற்றெரிச்சல். கடற்கரைக்கு வருகிற வழிகளில் பிள்ளைகளின் கையில் ஒரு காகிதப் பட்டை கட்டுவார்கள். பட்டையில் இருக்கிற கியூஆரில் பெயர், வயசு, அம்மாவின் போன் நம்பர். பிள்ளை தனியாக நின்றால், விழாவுக்காகச் சேர்த்த காலேஜ் தொண்டர்கள் யாராவது போனைக் காட்டினால் போதும், அம்மாவின் போன் அடிக்கும். பட்டை கட்டாத பிள்ளை தொலைந்தால் அம்மா சொல்லச் சொல்லத் தொண்டரே போனில் பதிந்துகொள்ளலாம். பாக்கி எத்தனை பிள்ளை என்று ஒரு எண் மேலே நிற்கும். அம்மாவிடம் சேர்ந்தால்தான் அந்த எண் இறங்கும், வேறு எதற்கும் இறங்காது. அதை நான்தான் எழுதினேன்.

கடைசிச் சுற்றில் ஒரே ஒரு வேலைக்குத்தான் இடம் மிச்சம் இருந்தது. நான் ஒரு சீட்டு எழுதிக்கொண்டு போனேன். பெரியவர்களுக்கும் பட்டை கட்ட வேண்டும், வயதானவர் தொலைந்தாலும் இதே ஆப்பில் தேட வேண்டும் என்று.

என் வீட்டு விஷயத்தை இங்கே சொல்லிவிடுகிறேன், ஆபீஸில் நான் சொல்லாதது. எனக்கு வீடு வைத்திக்குப்பத்துக்குப் பக்கத்திலேயே, குருசுக்குப்பம். நானும் அம்மா தனக்கொடியும்தான். அப்பா கடலோடு போய்ச் சேர்ந்து வருஷக்கணக்காகிறது. அம்மா கூடை தூக்கி மீன் விற்று என்னைப் படிக்க வைத்தாள். இப்போது அவளுக்கு மறதி நோய். காலையில் நான் அவளுக்கு அருள். வெயில் ஏற ஏற நான் வீட்டுக்கு வந்த யாரோ ஒருத்தர். பள்ளிக்கூடம் விட்டு அருளு வரல, கொஞ்சம் போய்ப் பார்த்துட்டு வாங்க சார் என்று என்னையே அனுப்புவாள். நான் வேலைக்குப் போனால் பக்கத்து வீட்டு அஞ்சலாட்சி அக்கா பார்த்துக்கொள்ளும்.

இதை ஏன் ஆபீஸில் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். போன கம்பெனியில் சொன்னேன். முதலில் எல்லாரும் பாவம் என்றார்கள். அப்புறம் அருள் பாவம், அவருக்கு இந்த வேலை வேண்டாம், அந்த வேலை வேண்டாம் என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கி, ஒன்றுமில்லாமல் உட்கார வைத்து, வெளியே அனுப்பினார்கள். ஒரு தடவை பட்டது போதும்.

நிர்மலாதேவி என் சீட்டை இரண்டு தரம் படித்தாள். பெரியவர்களும் தொலைகிறார்கள்தான், ஆனால் அவர்களுக்கு வாய் இருக்கிறது, வழி கேட்பார்கள், போன் வைத்திருப்பார்கள் என்றாள்.

"எல்லாருக்கும் வாய் இருக்காது மேடம்," என்றேன்.

"யாருக்கு இல்ல?"

நேராக என் கண்ணைப் பார்த்துத்தான் கேட்டாள். பக்கத்தில் நூரீன் நின்றிருந்தாள், வாசலில் மஜீத் சார். "பொதுவா சொன்னேன்," என்றேன்.

"பொதுவாங்கறதுக்காக நான் ஒரு வேலையை எடுக்க மாட்டேன் அருள். ரெண்டையும் பாதி பாதி செஞ்சோம்னா அன்னைக்கு ரெண்டுமே ஓடாது."

சீட்டு பெட்டிக்குள் போனது. அது விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை, அவ்வளவு சின்னச் சீட்டு. எனக்கு அந்தப் பெட்டியைத் தூக்கி அவள் தலையில் கவிழ்க்க வேண்டும் போல இருந்தது. மிச்சமிருந்த இடத்தில் அவள் வேறு ஒரு வேலையை வைத்தாள். தேடப்படுகிற பிள்ளை வேறு யாரோ ஒருவர் கையில் இருப்பதைத் தொண்டர் பார்த்தால், ஒரு சிவப்புப் பட்டனை அழுத்த வேண்டும். அக்கம்பக்கத்தில் இருக்கிற எல்லாத் தொண்டர்களின் போனிலும் மணி அடிக்கும். பிள்ளையை ஒருத்தர் இழுத்துக்கொண்டு போகிறார் என்றால் அதைவிடப் பிள்ளை அம்மாவிடமிருந்து தூரமாகப் போக முடியாது, அதனால் இதுதான் முதலில் என்றாள். மறுக்க முடியாத பேச்சு. அவள் பேச்சு எல்லாமே அப்படித்தான்.

அதையும் நான்தான் எழுதினேன். போனில் வருகிற வாசகத்தில், பிள்ளை வேறொருவர் கையில் இருக்கிறது, கவனிக்கவும் என்று போட்டிருந்தேன். கவனிக்கவும் என்றால் நின்று வேடிக்கை பார்ப்பார்கள் என்று சொல்லி, அந்தச் சொல்லை அடித்துவிட்டு, உடனே சூழ்ந்துகொள்ளவும் என்று மாற்றினாள்.

மாசி மகத்தன்று விடிந்ததும் அம்மாவுக்குத் தலை வாரிவிட்டேன். நான் அருள் என்று அவளுக்கு அப்போது தெரிந்திருந்தது. மேளச் சத்தம் கேட்டு எழுந்து எழுந்து வாசலுக்குப் போனாள். அஞ்சலாட்சி அக்கா, சாமி இந்தப் பக்கம் வந்தால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு உடனே வந்துவிடுகிறேன், கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டுத்தான் போவேன் என்றது. சாமியைப் பார்க்காதே என்று ஒரு மனுஷியிடம் எப்படிச் சொல்வது? சரி என்றேன். நம்முடைய பட்டை ஒன்றை அம்மா கையில் கட்டிவிடலாமா என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. அதில் வயசு பன்னிரண்டுக்கு மேல் ஏறாது, அம்மாவின் போன் நம்பர் என்று ஒரு கட்டம் இருக்கும். அந்தக் கட்டத்தில் நான் யாருடைய நம்பரைப் போடுவது? விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

கடற்கரையில் எங்களுக்கு ஒரு பந்தல். நான், நிர்மலாதேவி, நூரீன். முன்னால் பெரிய திரை, அதில் பாக்கி எண். ஏறும், இறங்கும், பூஜ்ஜியத்துக்கு வரும், மறுபடியும் ஏறும். ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் பந்தலுக்கு வெளியே ஒரு அம்மா பிள்ளையை முதுகில் ஒரு அடி போட்டுவிட்டுக் கட்டிப்பிடித்து அழுவாள். சக்கரபாணி வந்து பார்த்துவிட்டு, தலைவர் படத்தைப் பற்றி வாயே திறக்காமல், எங்களுக்கு மோர் அனுப்பிவைத்தார். நிர்மலாதேவி மோரைத் தொடவில்லை. திரையை விட்டுக் கண்ணையும் எடுக்கவில்லை.

உச்சி வெயிலில் அஞ்சலாட்சி அக்கா போன் செய்தது. மேளச் சத்தத்தில் இரண்டு மூன்று தரம் கத்தின பிறகுதான் எனக்குக் காதில் விழுந்தது.

"அருளு, அம்மாவக் காணோம்பா. நான் தாழ்ப்பா போட்டுட்டுத்தான் போனேன், யார் தொறந்து வுட்டாங்கன்னு தெரியல. தெருவெல்லாம் பாத்துட்டேன்."

நிர்மலாதேவியிடம் போனேன். குருசுக்குப்பம் பக்கம் ஒரு வயதான அம்மாவைக் காணவில்லையாம், தொண்டர்கள் கொஞ்சம் பேரை அந்தப் பக்கம் அனுப்ப வேண்டும் என்றேன். எங்கள் அம்மா என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அவள் திரும்பாமலே கேட்டாள்.

"எத்தனை பிள்ளை பாக்கி?"

"ரெண்டு."

"அது முடியட்டும்."

அவ்வளவுதான். சோற்றில் உப்பு போதுமா என்று கேட்டால்கூட அதைவிட அதிகமாக யோசிப்பார்கள். அந்தத் தோரணையில் என் வாய் தானாக மூடிக்கொண்டது. இவளிடம் போய் என் அம்மாவைப் பிச்சை கேட்பதா என்று இருந்தது. நானே போய்த் தேடுகிறேன் என்று செருப்பை மாட்டினேன். சர்வர் நின்றுபோனால் யார் பார்ப்பது, உட்காருங்க அருள் என்றாள்.

பந்தலை விட்டு இறங்கியதும் என் போனில் சிவப்பு மணி அடித்தது. பந்தலுக்குள் அவள் போனில், நூரீன் போனில், மணலில் நின்ற அத்தனை தொண்டர்கள் போனிலும் ஒரே நேரத்தில் அடித்தது. நான் எழுதின மணி எவ்வளவு கொடூரமான சத்தம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நீலச் சட்டை போட்ட ஒரு சின்னப் பையனின் படம். கீழே தொண்டர் அவசரமாகத் தட்டியிருந்தது: வயதான பெண், யாரென்று தெரியவில்லை, பையனைக் கையைப் பிடித்துக் குருசுக்குப்பம் பக்கம் கூட்டிப் போகிறார். அதற்கும் கீழே எங்கள் வாசகம். உடனே சூழ்ந்துகொள்ளவும்.

ஓடினேன். எனக்கு முன்னால் நிர்மலாதேவி ஓடிக்கொண்டிருந்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கூட்டத்தை முழங்கையால் விலக்கிக்கொண்டு, அப்படி ஓடுவாள் என்று நான் நினைத்ததே இல்லை.

தொண்டர்கள் சொன்னபடி செய்திருந்தார்கள். கழுத்தில் அட்டை மாட்டிய காலேஜ் பிள்ளைகள் கை கோர்த்து ஒரு வட்டம் போட்டு நின்றார்கள். வட்டத்தைப் பார்த்ததும் சனம் கூடிவிட்டது. கூடின சனத்துக்கு, நடுவில் ஒரு கிழவி, அவள் கையில் அவளுடையது இல்லாத ஒரு பிள்ளை என்பது தெரிந்துவிட்டது. பிள்ளை பிடிக்கிறவ என்று எவனோ ஒருத்தன் சொன்னான். அதற்குப் பிறகு வட்டத்தால் ஒன்றும் செய்ய முடியவில்லை. தொண்டர்களைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள்.

தலைகளுக்கு நடுவே நான் வாரிவிட்ட தலையைப் பார்த்தேன். ஒருத்தி அதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். ஒருத்தன் கன்னத்தில் அறைந்தான். அம்மா அடியைத் தடுக்கவே இல்லை. இரண்டு கையாலும் அந்தப் பையனை அணைத்து, எம்புள்ள, எம்புள்ள என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியவில்லை, யாருக்கும் கேட்கவும் இல்லை.

நிர்மலாதேவி எனக்கு முன்னால் உள்ளே போய்விட்டாள். அடிக்கிறவனின் கையை அவளால் பிடித்திருக்க முடியும், அந்த அளவுக்குப் பக்கத்தில் நின்றாள். பிடிக்கவில்லை. குனிந்து, அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். பையன் அழுது திமிறினான். என்னைத் தாண்டித்தான் போனாள். என் தோள் அவள் மேல் இடித்தது. அவள் கண் என் மேல் பட்டது, நிற்கவில்லை. முதலில் பிள்ளை. அவளுக்கு அதில் ஒரு குழப்பமும் இல்லை.

பிள்ளை போன பிறகு அடிப்பவர்களுக்கும் அடிக்கச் சலித்துவிட்டது போல. நான் உள்ளே விழுந்து அம்மாவின் மேல் கவிழ்ந்துகொண்டேன். எங்கம்மா, எங்கம்மா, மறதி நோய் என்று கத்தினேன். ஒரு ஆள் அதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டான். குருசுக்குப்பத்துக்காரர் ஒருத்தர், அட நம்ம தனக்கொடி என்றார், அதற்குப் பிறகுதான் விலகினார்கள். முன்னாடியே சொல்லக் கூடாதா என்று எங்களையே கடிந்துகொண்டு போனார்கள். அறைந்தவன் மணலில் விழுந்த தன் கூலிங் கிளாஸைத் தேடி எடுத்துக்கொண்டு போனான். அவன் முகம் எனக்கு நினைவிருக்கிறது, என்றாவது ஒருநாள் எங்காவது பார்ப்பேன்.

ஒரே ஒரு தொண்டர் பெண் மட்டும் போகவில்லை. சிவப்புப் பட்டனை அழுத்தியது அவளாகத்தான் இருக்க வேண்டும். தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அம்மாவின் உதட்டைக் கழுவினாள். அந்தப் பையன் தனியாக நின்று அழுதுகொண்டிருந்தானாம், இவங்க கையைப் பிடித்ததும் அழுகையை நிறுத்திவிட்டுக் கூடவே நடந்தானாம், அதைச் செய்தியில் தட்டாமல் விட்டுவிட்டேனே என்று அவளே சொல்லிச் சொல்லி அழுதாள்.

அம்மா மணலில் உட்கார்ந்து கூட்டம் போன பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜாக்கெட் தோளில் கிழிந்திருந்தது. என் துண்டைப் போர்த்தினேன். "நான்தாம்மா. அருளு," என்றேன். மரியாதையாகத் தலையை ஆட்டிவிட்டு, என்னைத் தாண்டி அந்தப் பெண்ணிடம் பேசினாள்.

"எம்புள்ளயப் புடுங்கினு போயிட்டாங்கம்மா. நீ படிச்ச புள்ளையாட்டம் இருக்கிற. தேடிக் குடு."

அந்தப் பெண் என்ன செய்வாள்? பிள்ளையைக் காணோம் என்று ஒரு அம்மா சொன்னால் என்ன செய்ய வேண்டும் என்று நாங்கள்தான் அவளுக்கு ஒரு வாரம் சொல்லிக்கொடுத்திருந்தோம். போனை எடுத்தாள். பிள்ளை பேர் என்னம்மா என்று கேட்டாள். அருள்முருகன் என்றாள் அம்மா. வயசு? ஏழு. என்ன சட்டை? அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, பள்ளிக்கூடத்துச் சட்டை என்றாள். நான் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. அந்தப் பெண் பட்டனை அழுத்தினாள், ஈரக் கையால். ஒரே அழுத்தில் பதிந்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் நிர்மலாதேவி திரும்பி வந்தாள். புடவை முழுக்க மணல். பையன் அம்மாவிடம் போய்ச் சேர்ந்துவிட்டான், இன்னொரு பிள்ளையும் சேர்ந்துவிட்டது என்று தூரத்திலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தாள், எனக்கு அதைக் கேட்க வேண்டும் போல. கையில் போனைப் பார்த்துக்கொண்டே நடந்தவள் சட்டென்று நின்றாள். போனைப் படித்தாள். என்னைப் பார்த்தாள். மணலில் உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்தாள். மறுபடியும் போனைப் படித்தாள். அவள் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஏதோ ஒன்று வந்தது. வந்தால் எனக்கு என்ன?

"அருள்," என்றாள். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"உங்க கேள்விய கேளுங்க மேடம். எத்தனை பிள்ளை பாக்கி?"

அவள் மறுபடியும் அம்மாவைப் பார்த்தாள். நான் விடவில்லை, இன்னொரு தரம் கேட்டேன். ஒண்ணு என்றாள், அதுவும் பாதிதான் வெளியே வந்தது. பிறகு எனக்கு ஏதோ உதவி செய்கிற மாதிரி, மெதுவாக, இது தப்பாகப் பதிந்தது, நான் மூடிவிடட்டுமா என்று கேட்டாள். விரல் ஏற்கெனவே பட்டனுக்குப் பக்கத்தில் இருந்தது.

"தொடாதீங்க," என்றேன். "அம்மாகிட்ட போய்ச் சேர்ந்தாத்தான் மூடணும். நீங்க சுவத்துல எழுதினதுதான்."

அவள் விரலை எடுத்துக்கொண்டாள். நின்றாள். போகவும் இல்லை, உட்காரவும் இல்லை. அவளை அப்படியே நிற்கவிட்டேன், வெயிலில் நன்றாக நிற்கட்டும் என்று.

அம்மா என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். அவளுக்கு எங்கள் பேச்சிலிருந்து நான்தான் இங்கே பெரிய ஆள் என்று பட்டிருக்கிறது. வீங்கின உதட்டோடு, மீன் வாங்க வருகிற வீட்டுக்காரர்களிடம் பேசுகிற அந்தப் பணிவான குரலில் சொன்னாள்.

"சார், நீங்க சொன்னா கேப்பாங்க போலக்கீது. கொஞ்சம் சீக்கிரம் தேடச் சொல்லுங்க சார். கூட்டம்னா எம்புள்ள பயந்துக்குவான்."

"சொல்றேம்மா," என்றேன். "தேடிக்கிட்டுத்தான் இருக்கோம்."